எரிவாயு எங்கிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எரிவாயுக் கிணறு எதுவும் இல்லை. கடலும் அருகில் இல்லை. கிழக்கே மலைத்தொடர், மேற்கே பேராக் ஆறு, நடுவில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்து, இன்று பெரும்பாலும் செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட நிலம். ஆயினும் இவ்வூரில் மாலையில் விளக்கைப் போடும் ஒவ்வொரு வீடும் தென்சீனக் கடலின் அடியிலிருந்து எடுக்கப்படும் எரிவாயுவைச் சிறிதளவேனும் பயன்படுத்துகிறது. அந்த எரிவாயு எப்படி இங்கு வந்து சேர்கிறது, அதன் விலையை யார் ஏற்கிறார்கள், இனி எத்தனை காலம் அதை நம்பியிருக்கலாம் என்பவற்றை இப்பகுதியில் காண்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் சமையலறைத் தோம்பில் இருப்பதும் இயற்கை எரிவாயுவும் ஒன்றல்ல. தோம்பில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. அரசாங்க உதவித்தொகையால்தான் 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென்னுக்குக் கிடைக்கிறது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். இயற்கை எரிவாயுவோ பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே எழும். இரண்டுக்கும் இயல்பில் மணம் கிடையாது. கசிவை உணர்வதற்காகவே ஒருவகை நெடியைச் சேர்க்கிறார்கள். தோம்பு கடைக்கு லாரியில் வருகிறது. இயற்கை எரிவாயு குழாய் வழியாக மின் நிலையத்திற்கும் தொழிற்சாலைக்கும் செல்கிறது. சுங்கை சிப்புட் வீடுகளுக்கு அது மின்சாரமாக உருமாறித்தான் வருகிறது.

மின்சாரம் பேராக் மாநிலத்திற்குப் புதிதல்ல. கோலகங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட செண்டரோ அணை, 1930 வாக்கிலேயே மின்சாரம் தரத் தொடங்கியது. அதைக் கட்டியது பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் என்னும் தனியார் நிறுவனம். யாருக்காகக் கட்டினார்கள்? கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்காக. ஈயம் அள்ளும் கப்பல்களும் நீர் இறைக்கும் இயந்திரங்களும் அந்த மின்சாரத்தில் ஓடின. அதே காலத்தில் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. அடுப்புக்கு விறகு, ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைவீட்டுக்கும் விறகு. பிற்காலத்தில் பல தோட்டங்களில் நிர்வாகம் வைத்த ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும். இரவு குறிப்பிட்ட நேரத்தில் நின்றுவிடும். அதற்குமேல் பாடம் படிக்க வேண்டுமென்றால் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கே துணை. ஓர் ஊரில் மின்சாரம் உற்பத்தியாவதும் அந்த ஊர் மக்களுக்கு அது கிடைப்பதும் வெவ்வேறு செய்திகள். எரிசக்திக் கொள்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில் எடுக்கப்படும் முடிவுகளைத்தான்.

1970களில் நம் நாட்டின் மின்சாரம் மிகுதியும் எண்ணெயை எரித்தே கிடைத்தது. 1973இலும் 1979இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை திடீரென்று உயர்ந்தது. ஒரே எரிபொருளை நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது தெரிந்தது. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறிப் பெட்ரோனாஸ் நிறுவனம் தோன்றியது. 1979இல் தேசிய எரிசக்திக் கொள்கை வகுக்கப்பட்டது. 1980இல் வந்த கொள்கை, எண்ணெய் வளத்தை ஒரேயடியாக எடுத்துத் தீர்த்துவிடாமல் உற்பத்திக்கு வரம்பு விதித்தது. பின்னர்த் தீபகற்பக் கடற்பகுதியின் எரிவாயுவுக்கும் நாளொன்றுக்கு 200 கோடி கன அடி என்ற வரம்பு வந்தது. 1981இல் எண்ணெய், எரிவாயு, நீர்மின், நிலக்கரி ஆகிய நான்கு எரிபொருள்களைப் பகிர்ந்து பயன்படுத்தும் கொள்கை அறிவிக்கப்பட்டது. இவற்றுள் கையருகே இருந்தது எரிவாயுதான்.

திரெங்கானு கடற்பகுதியில் எண்ணெய் தேடியபோது எரிவாயுவும் கிடைத்தது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றிவிடலாம். எரிவாயுவை அப்படி ஏற்ற முடியாது. அதற்குக் குழாய் வேண்டும். குழாயின் மறுமுனையில் வாங்குவதற்கு ஆள் வேண்டும். 1984இல் கெர்த்தேயில் எரிவாயுச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. கடலிலிருந்து வரும் வாயுவில் இருந்து நீரையும் தேவையற்ற வாயுக்களையும் நீக்கி, புரோப்பேனையும் பியூட்டேனையும் தனியே பிரித்து, எஞ்சும் மீத்தேனைக் குழாயில் அனுப்புவதே இவ்வாலையின் பணி. அக்குழாய் முதலில் திரெங்கானுவுக்குள் மட்டும் ஓடியது. 1990களின் தொடக்கத்தில் தெற்கே ஜொகூர் வரையிலும் மேற்கே கிள்ளான் வரையிலும் நீண்டது. 1998க்குள் சிலாங்கூர், பேராக், கெடா வழியாகப் பெர்லிசை எட்டியது. இன்று அதன் மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கும் மேல். மலேசியாவும் தாய்லாந்தும் உரிமை கோரிய கடற்பகுதி ஒன்றில், இரு நாடுகளும் 1979இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி எடுக்கப்படும் எரிவாயுவும் 2005 முதல் வடக்கிலிருந்து இக்குழாயில் சேர்கிறது. எல்லைத் தகராறு ஒன்றைச் சண்டையாக்காமல் பங்கு பிரித்துக்கொண்ட நல்ல எடுத்துக்காட்டு இது.

பேராக்கில் இக்குழாயின் பெரிய வாடிக்கையாளர், மஞ்சோங் மாவட்டத்தின் செகாரியில் உள்ள மின் நிலையம். 1996இலும் 1997இலும் படிப்படியாக இயங்கத் தொடங்கிய அதன் திறன் 1,303 மெகாவாட். செண்டரோ அணையின் இன்றைய திறன் ஏறக்குறைய 40 மெகாவாட். அதாவது செண்டரோவைப்போல் முப்பதுக்கும் மேற்பட்ட அணைகள் சேர்ந்து தரும் மின்சாரம் ஒரே வளாகத்தில் கிடைக்கிறது. இத்தகைய நிலையம் இயங்கும் முறை எளிது. எரிவாயுவைக் காற்றோடு கலந்து எரிக்கும்போது உண்டாகும் வெப்பக் காற்று ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதிலிருந்து வெளியேறும் காற்றும் கடும் சூடாகவே இருக்கும். அதை வீணாக்காமல் நீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்கி இரண்டாவது சுழலியையும் சுற்றுகிறார்கள். ஒரே எரிபொருளில் இரண்டு முறை வேலை. இத்தகைய எரிவாயு மின் நிலையம் ஒரே அளவு மின்சாரத்திற்கு நிலக்கரி நிலையம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியை மட்டுமே வெளியிடுகிறது. வழியில் மீத்தேன் கசியாமல் இருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும்; ஏனெனில் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இந்த நிலையங்கள் அவசரமாகக் கட்டப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. தொழிற்சாலைகள் பெருகிவந்த காலம் அது. தெனாகா நேஷனல் மட்டும் போதாது என்று அரசாங்கம் முடிவு செய்து, தனியார் நிறுவனங்கள் மின் நிலையம் கட்ட வழிவிட்டது. அவை பெரும்பாலும் எரிவாயுவைத் தேர்ந்தெடுத்தன. எரிவாயு நிலையத்தை விரைவில் கட்டி முடிக்கலாம். ஏறக்குறைய 21 ஆண்டு ஒப்பந்தத்தில் மின்சாரத்தை விற்கலாம். ஆனால் 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் மீண்டும் தீபகற்பம் இருளில் மூழ்கியது. இம்முறை பாக்கா மின் நிலையத்தை ஒட்டிய மின்தடத்தில் தொடங்கிய கோளாறு மற்ற நிலையங்களையும் வரிசையாக நிறுத்திவிட்டது. மின் நிலையம் போதுமான அளவு இருந்தாலும், அவற்றை இணைக்கும் கம்பித்தடம் ஈடுகொடுக்க வேண்டும் என்பதை அந்த நாள் காட்டியது.

1997இல் மின் நிலையங்களுக்கு விற்கப்படும் எரிவாயுவின் விலை, பத்து இலட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6 ரிங்கிட் 40 சென் என்று நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு நிதி நெருக்கடி. மக்களைக் காக்க எடுத்த முடிவு அது. ஆனால் நெருக்கடி தீர்ந்த பிறகும் அந்த விலை 2008 வரை மாறவே இல்லை. இதற்கிடையில் உலகச் சந்தையில் எரிவாயு விலை பல மடங்கு ஏறியது. வித்தியாசத்தைப் பெட்ரோனாஸ் தன் வருமானத்திலிருந்து விட்டுக்கொடுத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிறு வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்கு மலிவான மின்சாரம் பேருதவியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே மலிவு விலை, மிகுதியாகப் பயன்படுத்திய பெரிய கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும்தான் கூடுதல் ஆதாயம் தந்தது. எரிவாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும், சூரிய ஒளி போன்ற மாற்று வழிகளில் பணம் போடவும் யாருக்கும் அவசரம் ஏற்படவில்லை. உதவித்தொகை தவறன்று, தேவைப்படுவோருக்கும் தேவைப்படாதோருக்கும் ஒரே அளவில் கொடுத்ததுதான் பிழை என்று இப்பகுதி கருதுகிறது. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம், வகுப்பில் விவாதியுங்கள்.

2000ஆம் ஆண்டு வாக்கில் தீபகற்பத்தின் மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் எரிவாயுவிலிருந்து வந்தது. எண்ணெயை மட்டும் நம்பியிருந்த நாடு, இப்போது எரிவாயுவை மட்டும் நம்பியிருக்கும் நாடாகிவிட்டது. அரசாங்கம் திரும்பிப் பார்த்தபோது நிலக்கரி கண்ணில் பட்டது. மஞ்சோங் கரையோரம் கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவில் நிலக்கரி மின் நிலையம் எழுந்தது. முதலில் 700 மெகாவாட்டில் மூன்று அலகுகள். 2015இலும் 2017இலும் ஏறக்குறைய 1,000 மெகாவாட்டில் இரண்டு அலகுகள். நிலக்கரி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. இன்று தீபகற்ப மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரியுடையது. எரிவாயு மிச்சமாக வேண்டும் என்று எடுத்த முடிவு, கரியமில வாயுவைக் கூட்டிவிட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் செண்டரோ, செகாரி, மஞ்சோங் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஆறு, எரிவாயு, நிலக்கரி என நாட்டின் எரிசக்தி வரலாறு ஒரே மாநிலத்துக்குள் அடங்கிவிட்டதுபோல் இருக்கிறது.

நிலக்கரி வந்த பிறகும் எரிவாயுப் பற்றாக்குறை தீரவில்லை. திரெங்கானு கடற்பகுதியின் பழைய கிணறுகள் வற்றத் தொடங்கியிருந்தன. 2011இல் கடல்மேடைகளில் ஏற்பட்ட தடங்கல்களால் மின் நிலையங்களுக்கு எரிவாயு குறைந்தது. தெனாகா விலை மிகுந்த எண்ணெயை எரித்துச் சமாளிக்க நேர்ந்தது. அதன்பின் 2013இல் மலாக்காவின் சுங்கை ஊடாங்கிலும் 2017இல் ஜொகூரின் பெங்கெராங்கிலும் வெளிநாட்டு எரிவாயுவை இறக்கும் முனையங்கள் திறக்கப்பட்டன.

இங்கே மாணவர்கள் பலருக்கும் ஒரு கேள்வி எழும். உலகில் திரவ எரிவாயுவை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் முதல் ஐந்து நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்று புவியியலில் படிக்கிறோம். சரவாக்கின் பிந்துலுவிலிருந்து 1983இல் ஜப்பானுக்கு முதல் கப்பல் புறப்பட்டது. அப்படியிருக்க, நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? காரணம், சரவாக்கிற்கும் தீபகற்பத்திற்கும் இடையில் கடல் இருக்கிறது; குழாய் இல்லை. சரவாக்கின் எரிவாயு மைனஸ் 162 பாகை செல்சியசுக்குக் குளிரூட்டப்பட்டுத் திரவமாகிறது. அப்போது அதன் கன அளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பெரிய கப்பலில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டு செல்லலாம். ஆனால் அந்தக் கப்பல்களில் பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தப்படி ஜப்பான், கொரியா, சீனா போன்ற நாடுகளுக்குச் செல்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினால்தான் வாங்குபவர் மீண்டும் வருவார். ஆகவே தீபகற்பம் தனக்குத் தேவையான கூடுதல் எரிவாயுவைச் சந்தையில் வாங்குகிறது. அது சில வேளை ஆஸ்திரேலியாவிலிருந்து வரும். சில வேளை நம் சரவாக்கிலிருந்தே வரும். எங்கிருந்து வந்தாலும் விலை உலக விலைதான். 2022இல் ரஷ்யா உக்ரேன் மீது போர் தொடுத்து, ஐரோப்பிய நாடுகள் கிடைத்த கப்பலையெல்லாம் வாங்கத் தொடங்கியபோது, எரிவாயு விலையும் நிலக்கரி விலையும் உச்சத்தைத் தொட்டன. வீட்டு மின்கட்டணம் உயராமல் இருக்க அரசாங்கம் பல நூறு கோடி ரிங்கிட்டை ஈடுகட்டியது. அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்கக்கூடிய பணம்.

எரிவாயு விலை மின்கட்டணத்தோடு நிற்பதில்லை. ரப்பர் கையுறைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கை வடிவப் பீங்கான் அச்சுகளை ரப்பர் பாலில் தோய்த்து, சூட்டடுப்பில் உலர்த்தி, பதப்படுத்தி, கழற்றுவதே இங்கு நடக்கும் வேலை. நாள் முழுவதும் அச்சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். அடுப்பும் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெப்பம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பல ஆண்டுகளாக உலகின் ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியாவில்தான் தயாரிக்கப்பட்டன. பேராக்கிலும் இத்தகைய ஆலைகள் உள்ளன. தாத்தா பாட்டி பால்மரம் சீவினார்கள். பேரப்பிள்ளைகள் ரப்பர் ஆலையில் மேற்பார்வையாளராகவும் தொழில்நுட்பராகவும் பணிபுரிகிறார்கள். எரிவாயு விலையைப் படிப்படியாக உயர்த்திச் சந்தை விலைக்கே கொண்டுவந்தபோது, மலிவான எரிபொருளோடு போட்டியிடும் அயல்நாட்டு ஆலைகளுக்கு ஈடுகொடுப்பது கடினமாயிற்று. எனவே உதவித்தொகையைக் குறைப்பது சரி என்று சொல்பவர், அதனால் வேலை இழக்க நேரும் ஒருவருக்கு என்ன மாற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

குழாய்க்கும் பராமரிப்பு வேண்டும். 2025 ஏப்ரல் 1ஆம் நாள் சிலாங்கூர், புத்ரா ஹைட்ஸ் பகுதியில் முதன்மை எரிவாயுக் குழாய் தீப்பற்றியது. வீடுகள் அழிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர், தொழிற்சாலைகள் பலவற்றுக்கு எரிவாயு விநியோகம் பாதிக்கப்பட்டது. மண்ணுக்குள் மறைந்திருப்பதால் நாம் மறந்துவிடும் ஒன்று, ஒரே நாளில் நாடறிந்த செய்தியானது.

இனி வரும் காலத்திற்கு அரசாங்கம் என்ன திட்டமிட்டிருக்கிறது? 2023இல் வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி மாற்ற வழிகாட்டித் திட்டத்தில் இரண்டு எண்கள் கவனத்திற்குரியவை. 2050இல் மின் நிலையங்களின் நிறுவு திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்கும். அதே 2050இல் நாட்டின் மொத்த முதன்மை எரிசக்தியில் 56 விழுக்காடு இயற்கை எரிவாயுவாக இருக்கும். இரண்டும் ஒரே அறிக்கையில் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 126 வருகிறதே என்று திகைக்க வேண்டாம். முதல் எண் மின் நிலையங்களின் ‘திறனை’ மட்டும் சொல்கிறது. இரண்டாவது எண் மின்சாரம், தொழிற்சாலை, போக்குவரத்து என நாடு பயன்படுத்தும் எரிசக்தி அனைத்தையும் சொல்கிறது. திறன் வேறு, விளைச்சல் வேறு. நூறு பேர் அமரக்கூடிய பேருந்து நாளுக்கு நான்கு மணி நேரம்தான் ஓடுகிறது என்றால், அது ஏற்றிச்செல்லும் பயணிகளின் எண்ணிக்கையை இருக்கைகளை வைத்து முடிவு செய்ய முடியாது. சூரியத் தகடும் அப்படித்தான். நம் நாட்டில் இரவும் மேகமும் மழையும் போக, முழுத் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நேரத்துக்கு நிகரான மின்சாரத்தையே அது தரும். எரிவாயு நிலையம் கேட்ட நேரத்தில் எரியும். ஒரு செய்தியில் ‘திறன்’ என்று இருக்கிறதா, ‘உற்பத்தி’ என்று இருக்கிறதா என்று பார்த்துப் படிக்கும் பழக்கம் இருந்தால் பல அறிவிப்புகள் வேறுவிதமாகத் தெரியும்.

தேவையோ குறைவதாகத் தெரியவில்லை. 2024இல் தீபகற்பத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைக் கடந்தது. ஜொகூரில் பெருகிவரும் தரவு மையங்கள் இரவு பகலாக மின்சாரம் கேட்கின்றன. புதிய நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இருப்பவையும் ஒப்பந்தம் முடிய முடிய 2044 வாக்கில் நின்றுவிடும். அந்த இடத்தைச் சூரிய ஒளி மட்டுமே நிரப்பாது என்பதால் மீண்டும் எரிவாயுவே முன்வரிசைக்கு வருகிறது. 1981இல் நான்கு எரிபொருள் என்றோம். 2000இல் எரிவாயுவில் போய் நின்றோம். அதே இடத்திற்கு மறுபடியும் போகிறோமா என்ற கேள்வி நியாயமானது. அன்று எரிவாயு நம் கிணற்றிலிருந்து வந்தது. இனி அதில் வளரும் பங்கு கப்பலில் வரும்.

பேராக்கின் பழைய தோட்ட நிலங்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குட்டைகளிலிருந்து எழும் வாயுவும் பெரும்பாலும் மீத்தேன்தான். மூடிபோட்டுப் பிடித்தால் எரிபொருள். விட்டுவிட்டால் புவியைச் சூடாக்கும் வாயு. நாட்டில் சில ஆலைகள் அதைப் பிடித்து மின்சாரமாக்கி விற்கின்றன. கூரையில் சூரியத் தகடு பொருத்துவதும் நல்ல வழிதான். ஆனால் அதற்குத் தொடக்கத்திலேயே பல ஆயிரம் ரிங்கிட் வேண்டும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்தமாகக் கூரையே இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில், துண்டுபோட்டு விற்கப்படவிருந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. தனியொருவரால் வாங்க முடியாத நிலத்தைப் பலர் சேர்ந்து வாங்கினார்கள். ஒரு தாமானின் மண்டபக் கூரையிலோ கோவில் மண்டபக் கூரையிலோ பலர் சேர்ந்து தகடு பொருத்துவது அதைவிடப் பெரிய காரியமல்ல.

இரவு எட்டு மணிக்கு வெயில் இருக்காது. அதற்கும் பேராக் ஆற்றில் ஒரு வழி உண்டு. வழிகாட்டித் திட்டத்தில், தெனாகாவின் நீர்மின் அணைகளில் 2,500 மெகாவாட் மிதக்கும் சூரியத் தகடுகள் அமைக்கும் திட்டமும் இடம்பெற்றுள்ளது. பகலில் தகடுகள் மின்சாரம் தரும்போது மதகை மூடி நீரைச் சேமிக்கலாம். மாலையில் வெயில் சாய்ந்து, வீடுகளில் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஒன்றாக இயங்கத் தொடங்கும்போது மதகைத் திறந்து சுழலியை ஓடவிடலாம். அந்த நேரத்தில் எவ்வளவு நீர் திறக்க முடிகிறதோ, அவ்வளவு எரிவாயு எரிக்காமல் மிஞ்சும்.